மெட்டீரியல் கல்ச்சர்: புழங்குபொருள் பண்பாடு போதாதா?

அனைவருக்கும் வணக்கம்.

கலைச்சொல் பற்றிய நம் விவாத இழை நீண்டுவிட்டது. மனிதர் செய்து பயன்படுத்தும் பொருள்களின் வழியாக அவர்களது வாழ்க்கையைப் பார்க்கும் 'மெட்டீரியல் கல்ச்சர்' என்பதற்குத் தமிழில் இதுவரை பொருள்சார் பண்பாடு, பொருளாயதப் பண்பாடு, பருப்பொருள் பண்பாடு, கருப்பொருள் பண்பாடு, புழங்குபொருள் பண்பாடு என்று வரிசையாக வந்திருக்கின்றன. 'ஆர்ட்டிஃபாக்ட்', அதாவது மனிதர் செய்த பொருள், என்பதற்குத் தனியாக ஒரு சண்டை ஓடுகிறது. என் ஓட்டு புழங்குபொருள் பண்பாட்டுக்கு. நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் ஏற்கெனவே எடுத்து ஆண்டுவரும் சொல். நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொல்லியலுக்கும் அது பொருந்துமா என்று நண்பர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி.

முதலில் மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறேன். தமிழில் 'பொருள்' தனியாக நின்றால் பாரம் தாங்காது. அர்த்தமும் அதுதான், செல்வமும் அதுதான், குறளின் நடுப்பாலும் அதுதான். 'பொருள்சார் பண்பாடு' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள். பணத்தாசையைத் திட்டி எழுதியிருப்பார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். பொருளாயதம் எனக்குப் பிடித்த சொல், இலங்கை மார்க்சிய எழுத்தில் ஊறிய சொல். அதனாலேயே அது வாசகரை நேராகப் பொருள்முதல்வாதத்துக்குக் கூட்டிப் போய்விடும். பருப்பொருள் என்றதும் இயற்பியல் வகுப்பு ஞாபகம் வருகிறது.

கருப்பொருளை முன்வைத்த ஐயாவுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் கருப்பொருளாக எண்ணுவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ். இதில் பறையும் யாழும் மனிதர் செய்தவை. உணவும் ஓரளவு சரி. தெய்வத்தையும் பறவையையும் என்ன செய்வது? ஒரு நிலத்தில் உள்ள எல்லாவற்றையும் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கும் அந்தப் பார்வை அருமையானது, மானிடவியல் வகுப்பில் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது. ஆனால் இன்று 'படத்தின் கருப்பொருள்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். இனி அதைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

அப்புறம் நம் சொல், புழங்குபொருள். புழங்குவது என்பது வெறும் பயன்பாடு அல்ல. ஆள் புழங்கும் இடம், பணப் புழக்கம், புழக்கத்தில் உள்ள சொல் என்கிறோம். கை மாறுவது, நடமாடுவது எல்லாம் அதில் இருக்கிறது. ஊரில் இன்னொன்றும் சொல்வார்கள்: 'அவங்க வீட்ல நாங்க புழங்குறதில்ல.' யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, யார் கையால் சாப்பிடுவது என்பதெல்லாம் அந்த ஒரு வினைக்குள் அடக்கம். டீக்கடை இரட்டைக் குவளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாராருக்கு பெஞ்சில் கண்ணாடி டம்ளர். தலித் மக்களுக்குத் தனிக் குவளை, அதையும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் கப் வந்தபோது சில ஊர்களில் அதுவே தனிக் குவளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொருள் மாறியது, புழக்கம் மாறவில்லை. மெட்டீரியல் கல்ச்சர் ஆய்வு தேடுவது இதைத்தானே? டம்ளரின் உயரத்தையும் உலோகத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் அது சாமான் பட்டியல்.

பட்டியலிலிருந்து இந்தத் துறை வெளியே வரவே ரொம்பக் காலம் ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் 1884இல் தொடங்கிய பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் பொருள்களை வகைவாரியாக அடுக்கினார்கள்: ஒரே வகைக் கருவிகள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒன்றாக. இன்றும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கின்றன. 1986இல் மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை தொகுத்த நூலில் இகோர் கோப்பிடாஃப் என்ற இன்னொரு மானிடவியலாளர், மனிதருக்கு எழுதுவதுபோலப் பொருளுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்றார்: எங்கே பிறந்தது, யார் கைக்குப் போனது, எப்போது விலைக்கு வந்தது, எப்போது விற்கக்கூடாத பொருளானது. இதைத் தமிழில் சொல்ல 'புழக்கம்' கையில் இருக்கும்போது வேறெதற்கு அலைய வேண்டும்?

சரி, தொல்லியலுக்கு வருகிறேன். அம்மா ஒருவர் கேட்டது: 'ஆதிச்சநல்லூர்த் தாழி வீட்டில் புழங்கியதே இல்லையே? புதைப்பதற்கென்றே வனைந்ததை எப்படிப் புழங்குபொருள் என்பது?' இந்த இழையில் வந்த மறுப்புகளில் இதுதான் வலுவானது. ஆனால் தாழி தானாக மண்ணுக்குள் போகவில்லை. ஒருவர் வனைந்திருக்கிறார், சிலர் தூக்கி வந்திருக்கிறார்கள், உள்ளே எலும்போடு சிறு கலயங்களையும் இரும்பு ஆயுதங்களையும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்துத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள்கூடக் கிடைத்தன. செத்தவருக்குச் செய்வதும் இருப்பவர்களின் புழக்கம்தான். புறநானூறு 256ஆம் பாட்டில் ஒருத்தி குயவனிடம் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்று கேட்கிறாளே, அதற்குமேல் ஒரு பொருளில் உறவு ஏற முடியுமா?

அந்தப் பாட்டு 'கலம்செய் கோவே' என்று தொடங்குவதால், ஆர்ட்டிஃபாக்ட் என்பதற்குக் 'கலன்' வைக்கலாம் என்று வந்த யோசனை சபலப்படுத்தத்தான் செய்கிறது. அணிகலன், படைக்கலன், மரக்கலம், உண்கலம், அருங்கலம்: நகை, ஆயுதம், கப்பல், தட்டு, பொக்கிஷம் என எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. யாழையும் கலன் என்றார்கள். ஔவையார் கோபித்துக்கொண்டு கிளம்பும் பாட்டில் 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை' என்று வருகிறது. கலன்களைப் போட்டுக்கொண்டு போகும் பைதான் அங்கே கலப்பை, உழுகிற கலப்பை அல்ல. இவ்வளவு இருந்தும் எனக்குத் தயக்கம். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதுபோல அங்கே கலம் என்றால் உயிரியல் பாடத்தில் 'செல்'. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். செங்கல்லை என்ன செய்வது? கீழடியில் கிடைத்த உறைகிணற்றின் சுடுமண் வளையத்தையும் நூல் நூற்கும் தக்களியையும் எந்தத் தமிழ்க் காதும் கலன் என்று ஏற்காது.

தொல்பொருள் என்பதும் இங்கே உதவாது. 1972ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி பொதுவாக ஒரு பொருளுக்கு 100 வயது ஆனால்தான் அது தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75. நேற்று வாங்கிய பிளாஸ்டிக் குடமும் ஆர்ட்டிஃபாக்ட்தான். வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியலாளர் 1973இல் அரிசோனாவின் டூசான் நகரில் வீடுகளின் குப்பையை அள்ளி ஆராயத் தொடங்கினார். எவ்வளவு பீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கணக்குச் சொன்னார்கள், குப்பைத்தொட்டியிலிருந்த காலி டின்கள் அதைவிடக் கூடுதலாகச் சொல்லின. அந்த டின்னைத் தொல்பொருள் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆகவே மனிதர் செய்தது எதுவாயினும் 'செய்பொருள்' என்போம். விதை, எலும்பு, மகரந்தம் போன்றவற்றுக்கு 'இயற்பொருள்' ஜோடியாகப் பொருந்தும். செயப்படுபொருளோடு குழம்புமே என்று இலக்கண நண்பர்கள் வருவார்கள்; வாக்கியத்தில் வைத்துப் படித்தால் குழம்பாது.

செய்பொருள், புழங்குபொருள் பண்பாடு இரண்டையும் கீழடிப் பானை ஓட்டில் வைத்துப் பார்த்தேன். தோள்பகுதியில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் கீறியிருக்கிறார்கள். கையெழுத்து ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், குயவர் அல்ல, பானையை வைத்திருந்தவர்களே கீறியிருக்க வேண்டும் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். பாத்திரக் கடையில் இன்றைக்கும் எவர்சில்வர் குடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருகிறார்களே, அதே வேலை. அதில் பெரும்பாலும் இருப்பது குடத்தைச் சுமக்கும் பெண்ணின் பெயரல்ல, சீர் கொடுத்த தாய்மாமன் பெயரோ அன்பளிப்பு செய்த சித்தப்பா பெயரோதான். அவர் ஒருநாளும் அதில் தண்ணீர் எடுத்திருக்க மாட்டார். ஆதனும் பானைக்குச் சொந்தக்காரரா, கொடுத்தவரா, யாருக்குத் தெரியும்? பானை செய்பொருள், அதன்மேல் இப்படியெல்லாம் கேட்பது புழங்குபொருள் பண்பாட்டு ஆய்வு. எனக்கு வாக்கியம் தடுக்காமல் போகிறது.

அதே கீழடியில் பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் வந்திருக்கின்றன, பாண்டி விளையாடும் வட்டுதான். குழம்பு கொதித்த பானை உடைந்து, பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானாகி, பிறகு மண்ணுக்குள் போயிருக்கிறது. இதற்கு யாரோ 'மறுபயன்பாட்டு மட்கலத் துண்டு' என்று பரிந்துரைத்திருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். சில்லு என்றே எழுதுவோம், உடைந்த துண்டை ஓட்டாஞ்சில்லு என்போம். குழியில் இறங்கி வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்கும் அதுதான் தெரியும்.

பாக்கி இருப்பது 'அசெம்பிளேஜ்'. ஒரே மண்ணடுக்கில் ஒன்றாகக் கிடைத்தவை என்ற கருத்து வர வேண்டும். 'தொகுதி' என்றால் தேர்தல் வாடை அடிக்கிறது, 'தொகுப்பு' என்றால் யாரோ உட்கார்ந்து தொகுத்ததுபோல இருக்கிறது. 'உடன்கிடை' என்று ஒன்று தோன்றுகிறது. அகழாய்வுக் குறிப்பேடு எழுதிப் பழகியவர்கள், இது பக்கத்தில் ஓடுமா என்று சொல்லுங்கள்.