ஆறாவது ‘ஹிட்ச்ஹைக்கர்’: படிக்கலாமா, விட்டுடலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில், ‘ஹிட்ச்ஹைக்கர்’ என்கிற விண்வெளி நகைச்சுவை நாவல் வரிசையின் ஆறாவது புத்தகம் ‘அண்ட் அனதர் திங்’ சிக்கியது. முதல் ஐந்தை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் 2001-ல், 49 வயதில் போய்விட்டார். 1992-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் பூமியையே காலி பண்ணிவிட்டு முடித்தவர். அந்த முடிவு எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ஆறாவதை ஓயின் கோல்ஃபர் 2009-ல் எழுதினார். சில்க் போர்டு சிக்னலிலேயே நாற்பது பக்கம் ஓடிவிட்டது (நம்ம டிராஃபிக் அப்படி). ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை. தப்பு என்மேலா?

டீ_பன்:
உங்கள்மேல் இல்லை. அம்மா வைத்த ரசத்தை அதே புளி, அதே பொடி போட்டு சித்தி வைத்த மாதிரி. குடிக்கலாம், ஆனால் அது வேறு ரசம். கதைக்குள் இருக்கும் கற்பனைப் பயணக் கையேட்டிலிருந்து நடு நடுவே வரும் ‘கையேட்டுக் குறிப்புகள்’தான் என் பொறுமையைச் சோதித்தன. கதை நகர ஆரம்பித்தால் உடனே ஒரு குறிப்பு!

மல்லேஸ்வரம்_மாமி:
எனக்குப் பிடிச்சுதுப்பா. பிரபஞ்சத்தில் இருக்கிற எல்லாரையும் அகர வரிசைப்படி திட்டுகிற வவ்பேகருக்கு இதில் பெரிய இடம். அவனுக்காகவே முடிச்சேன்.

அல்சூர்வாசி:
மாமி, அந்தச் சோக ரோபோ மார்வின் வருவானா?

மல்லேஸ்வரம்_மாமி:
நாலாவது புத்தகத்திலேயே செத்துட்டானேப்பா, மறந்துட்டியா?

அல்சூர்வாசி:
ஐயோ, ஆமாம். சரி, வவ்பேகர் வருகிற வரைக்கும் படிக்கிறேன். நாளைக்கும் அதே சிக்னல்தான்.