சிங்கப்பூரில் வாங்கிய மின் குக்கர்: அம்மாவின் கை வெந்துவிட்டது, யாரிடம் கேட்பது?

கீதா, தண்டையார்பேட்டை:
வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, ஆடி மாதம் ஊருக்கு வந்தபோது மின் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கி வந்தான். போன வாரம் அம்மா பருப்பு வேகவைத்தார். அழுத்தம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரிந்த பிறகுதான் மூடியைத் திருப்பினார். அப்படியும் மூடி எகிறி, கொதிக்கும் பருப்பு வலது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டோம். இங்குள்ள சேவை மையத்தில் வாரண்டி அட்டையைப் பார்த்ததுமே, "இது சிங்கப்பூரில் மட்டும்தான் செல்லும்" என்று கையை விரித்துவிட்டார்கள். குக்கர் போனால் போகட்டும், அம்மாவின் கைக்கு யார் பதில் சொல்வது?

சுந்தர், இராயபுரம்:
அக்கா, பர்மா பஜாரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லட்டுமா?

மெகபூப், பெரம்பூர்:
வேண்டாம் தம்பி! வேறு கை பட்டால், "நீங்களே கெடுத்தீர்கள்" என்று கடைக்காரர் சொல்ல வழி கிடைத்துவிடும். கீதாம்மா, பருப்பு ஒட்டியிருந்தால்கூடக் கழுவாதீர்கள். மூடியையும் ரப்பர் வளையத்தையும் படம் எடுங்கள். ஆஸ்பத்திரி சீட்டு பத்திரம்.

வாரண்டி வேறு, காயத்துக்கான பொறுப்பு வேறு. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் உடம்புக்கு வந்த கேட்டுக்குத் தனியாக இழப்பீடு கேட்க வழி தருகிறது. பொருள் கெட்ட நஷ்டம் அந்தக் கணக்கில் சேராது. தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவர் என்றால் விற்றவரே பொறுப்பாகலாம், இறக்குமதியாளரும் விற்பவர்தான். இங்கே ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கியிருந்தால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. உங்கள் குக்கரோ தம்பியின் பயணப் பெட்டியில் வந்தது. இங்குள்ள நிறுவனம் அதை விற்கவும் இல்லை, இறக்குமதி செய்யவும் இல்லை. அதனால் சிங்கப்பூர்க் கடையைத்தான் முதலில் பிடிக்கவேண்டும்.

சரவணன், சிங்கப்பூர்:
ரசீது தம்பியின் பெயரில் இருக்கிறதல்லவா? அவரே கேட்கட்டும். இங்கே 2012 முதல் ஒரு விதி நடப்பில் உள்ளது: கையில் வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று, அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. மறுத்தால், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது. ஆனால் உடல் காயத்துக்கான இழப்பீட்டை அங்கே விசாரிக்கமாட்டார்கள். அதற்கு இங்கே ஒரு வக்கீலைப் பார்க்கவேண்டும்.

கீதா:
ரசீது அவன் போனில் இருக்கிறது. இன்றிரவே கடைக்கு எழுதச் சொல்கிறேன். சுந்தர், மெக்கானிக் வேண்டாம் தம்பி.

மெகபூப்:
கடிதத்தில் குக்கரின் வரிசை எண், தேதி, காயம் மூன்றும் இருக்கட்டும். கடைக்காரர் மாற்றுக் குக்கர் தந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்து கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் தம்பி போடக்கூடாது.