நீல வளைய ஆக்டோபஸ்: வளையங்கள் எங்கே மறைகின்றன, முட்டைகளை ஏன் சுமக்கிறது?

கேள்வி – நெய்தல்விழி

தென் ஆஸ்திரேலியக் கரையில் எடுத்த ஒரு காணொளியில், ஓதம் வடிந்த பாறைக் குட்டைக்குள் மணல் நிறத்தில் ஒரு சிறிய ஆக்டோபஸ் கிடந்தது. படம் எடுப்பவரின் நிழல் பட்டதும், ஒரு நொடிக்குள் உடல் முழுவதும் நீல வளையங்கள் பளிச்சிட்டன. மற்ற ஆக்டோபஸ்களைப் போல நிறமிப் பைகளை விரித்துச் சுருக்கித்தான் இதுவும் வளையங்களைக் காட்டுகிறதா? மேலும், அது தன் முட்டைகளைக் கரங்களுக்கு அடியில் அணைத்துக்கொண்டே நகர்ந்தது. பொந்தின் கூரையில் முட்டைகளை ஒட்டிவைத்துக் காவல் காப்பதுதானே ஆக்டோபஸ்களின் வழக்கம்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – அலைவாசகன்

நீல நிறம் நிறமியால் வருவதன்று. தோலுக்குள் மெல்லிய தகடுகளை அடுக்கிவைத்தாற்போன்ற செல்கள் உள்ளன. அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அமைதியாக இருக்கும்போது அந்தச் செல்கள் சிறு மடிப்புகளுக்குள் தசைகளால் மூடப்பட்டிருக்கும். அச்சுறுத்தல் வந்தால் மூடிய தசைகள் தளர்ந்து, வளையத்தைச் சூழ்ந்த தசைகள் இறுக, மடிப்பு திறந்துகொள்கிறது. நிறமிப் பைகளுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், அவற்றின் வேலை வளையத்தின் அடியிலும் சுற்றிலும் கருமையைக் கூட்டி நீலத்தை எடுத்துக்காட்டுவது மட்டுமே. நீல வளைய ஆக்டோபஸ்களின் பேரினமான ஹேப்பலோக்லீனாவில் பல இனங்கள் உண்டு; அவற்றுள் லுனுலாட்டா என்னும் இனத்தில் ஏறத்தாழ 60 வளையங்கள் உள்ளன. ஃபேசியாட்டா இனத்துக்கோ உடலில் கோடுகளும் கரங்களில் வளையங்களும் அமைந்திருக்கும்.

பதில் – கடற்புல்

முட்டைகளைப் பற்றிய கேள்விக்கு விடை அதன் வாழிடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். நீங்கள் கண்டது மாக்குலோசா இனமாக இருக்க வேண்டும். உடற்பை ஐந்து சென்டிமீட்டரைத் தொடுவதே அரிது. பாறைக் குட்டைகள், கடற்புல் படுகைகள், மணற்பாங்கான அடித்தளம் ஆகியவற்றில் வெற்றுச் சிப்பிகளிலும், மனிதர் எறிந்த புட்டிகளிலும்கூட ஒடுங்கி வாழ்ந்து, நண்டுகளையும் இறால்களையும் வேட்டையாடுகிறது. அலை புரட்டிப்போடும் இத்தகைய ஒண்டுமிடத்தில் முட்டைகளை ஒட்டிவைப்பதைவிட, இடம் பெயரும்போது உடன் கொண்டுசெல்வதே பாதுகாப்பு. தாய் இடுபவை ஐம்பது, நூறு என்ற அளவிலான பெரிய முட்டைகளே. அடைகாக்கும் காலத்தில் அது இரை தேடுவதில்லை. குஞ்சுகள் வெளிவந்தபின் இறந்துவிடுகிறது.

பட்டாணி அளவே உள்ள அந்தக் குஞ்சுகள் பிறந்தவுடனே தரையில் ஊர்ந்து வாழத் தொடங்குகின்றன. லுனுலாட்டாவின் குஞ்சுகளோ முதலில் நீரோட்டத்தோடு மிதந்து திரிபவை. மிதக்கும் பருவமே இல்லாததால் மாக்குலோசா வெகுதூரம் பரவ வழியில்லை. ஆகவே ஒரு விரிகுடாவின் கடற்புல் அழிந்தால், அங்கே வாழும் கூட்டத்தின் இழப்பை வேறிடத்துக் குஞ்சுகள் வந்து எளிதில் ஈடுசெய்துவிட முடியாது. இந்த விலங்கைப் பற்றிப் பேசுவோர் அதன் கடியில் உள்ள நஞ்சோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

நெய்தல்விழி

இருவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பேரினம் வங்கக் கடலிலும் உண்டா? ஆண், பெண் இரண்டுக்குமே நஞ்சு இருக்கிறதா?

பதில் – அலைவாசகன்

உண்டு. அந்தமானில் கிடைத்த ஒரே மாதிரியைக் கொண்டு 1938இல் விவரிக்கப்பட்ட நியர்ஸ்ட்ராசி என்னும் இனம், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சென்னைக் கரையோரம் மீண்டும் கிடைத்து, 2013இல் பதிவாயிற்று.

நஞ்சு இரு பாலுக்கும் உண்டு. அது டெட்ரோடோடாக்சின், நரம்புச் செல்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைத்து மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. கடி பெரும்பாலும் வலிப்பதே இல்லை என்பதால் சிலர் அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுகின்றனர். முறிமருந்து இல்லை, ஆனால் நஞ்சின் வீரியம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் இடைவிடாமல் கொடுத்தால் உயிரைக் காக்கலாம். இனச்சேர்க்கையிலும் இதற்குப் பங்குண்டு: ஃபேசியாட்டா இனத்தின் ஆண், தன்னைவிடப் பெரிய பெண்ணின் தலைக்குப் பின்புறம் கடித்து, அதை அசையாமல் செய்தபின்னரே சேர்கிறது என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாறு செய்யாவிட்டால் ஆண் இரையாகிவிடும் ஆபத்து உள்ளது. பெண்ணோ இந்த நஞ்சைத் தாங்கும் தன்மை கொண்டதால் சிறிது நேரத்தில் மீண்டுவிடுகிறது.