பழைய லேண்ட் ரோவரின் பெட்ரோல் மூடிக்கு எந்தப் பூட்டு போடலாம்?

அப்பா_வண்டி_88 கேட்டது:

அப்பா விட்டுப்போன வண்டி. 1974 லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குலக் குட்டை மாடல், 2286 சிசி பெட்ரோல் எஞ்சின். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்துவருகிறேன். எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. ஒரு சின்னப் பூட்டில்தான் வந்து நிற்கிறேன்.

பெட்ரோல் டேங்க் மூடியின் கொண்டியில் அப்பா ஒரு இரும்புப் பூட்டு போட்டிருந்தார். துரு ஏறி இறுகிவிட்டது. சாவியைப் போட்டுத் திருப்பினால் சாவிதான் முறுக்குகிறது. டேங்கில் கொஞ்சம் பழைய பெட்ரோல் கிடக்கிறது. இப்போதைக்கு எஞ்சினுக்கு ஒரு கேனிலிருந்து குழாய் வைத்துத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். நாளை கிரைண்டர் வைத்துப் பூட்டை அறுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அதற்குப் பதிலாக எந்தப் பூட்டு வாங்குவது? பழைய பூட்டு ஆடி ஆடி, மூடிக்குக் கீழே உள்ள தகட்டில் பிறை வடிவத்தில் பெயின்ட்டைத் தேய்த்து அலுமினியம் வரை கொண்டுவந்துவிட்டது. அதுவும் திரும்ப நடக்கக் கூடாது. நல்ல கனமான பூட்டாகப் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பானர்:

தம்பி, வேறெதுவும் படிக்கும் முன் இதைப் படியுங்கள். கிரைண்டரைத் தொடாதீர்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். நிறைந்த டேங்கைவிடப் பாதி காலியான டேங்க்தான் ஆபத்து, ஏனென்றால் மீதி இடம் முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். கிரைண்டர் வீசும் பொறி அந்த மூடியிலிருந்து இரண்டு அங்குலத்தில் விழும். பூட்டைச் சூடு காட்டித் தளர்த்தலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்.

வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். துருவை இளக்கும் எண்ணெயைச் சாவித்துளையிலும், கம்பி பூட்டுக்குள் நுழையும் இரண்டு இடங்களிலும் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் ஒரு மரக்கட்டையால் பூட்டின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, சாவியை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் போல்ட் கட்டர் போதும். அந்த அளவுச் சின்னப் பூட்டின் கம்பி பெரும்பாலும் ஒரே அழுத்தில் துண்டாகும். ஈரத் துணியைச் சுற்றிவிட்டு வெட்டுங்கள், துண்டு தெறிக்காது. கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் புதுப் பூட்டு. கனமான பூட்டு வேண்டவே வேண்டாம். உங்கள் தகட்டில் பிறை போட்டது பூட்டின் கனம்தான். அந்தக் கொண்டி மெல்லிய தகடு. திருடுகிறவன் பெரிய பூட்டைப் பார்த்தால் பூட்டை விட்டுவிட்டுக் கொண்டியை நெம்புவான். பூட்டு போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கால மூடி வளைந்தால் அதே மாதிரி ஒன்றைத் தேடி அலைய வேண்டும். குழாய் போட்டுப் பெட்ரோல் உறிஞ்ச வருகிறவனையும், விளையாட்டாக மண்ணைப் போடுகிறவனையும் தடுத்தால் போதும். அதற்கு 30 எம்எம் பித்தளைப் பூட்டு தாராளம்.

கடலோர_டீசல்:

பித்தளைதான் சரி, ஆனால் வாங்கும்போது கம்பியைப் பாருங்கள். உடல் பித்தளையாக இருக்கும், கம்பி சாதாரண எஃகில் முலாம் பூசியதாக இருக்கும். முலாம் உரிந்தால் துரு பிடிப்பது அந்தக் கம்பிதான். நான் இருப்பது உப்புக்காற்று அடிக்கும் இடம். முதலில் போட்ட பூட்டின் உடல் பளபளவென்று இருந்தது, கம்பி மட்டும் உள்ளே இறுகிவிட்டது. இப்போது படகுக்காரர்கள் போடுகிற மாதிரி, கம்பியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக உள்ள பூட்டு. நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது.

எண் சுழற்றும் பூட்டு சாவி தொல்லை இல்லை என்று ஆசை காட்டும். என் நண்பர் போட்டார். சக்கரத்திலிருந்து அடிக்கிற புழுதி நேராக அந்த எண் வளையங்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. வண்டியின் பக்கவாட்டுக்கு அது ஒத்துவராது.

பழைய_ஸ்பானர்:

ஸ்டெயின்லெஸ் கம்பி நல்ல யோசனை. அளவு எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூட்டில் 30, 40 என்று போட்டிருப்பது உடலின் அகலம். கொண்டித் துளைக்குள் போக வேண்டியது கம்பியின் தடிமன். டிரில் பிட்டைத் திருப்பி, அதன் வழவழப்பான பின்பக்கத்தைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். 6 எம்எம் தளர்வாகப் போனால் 5 எம்எம் கம்பி உள்ள பூட்டு வாங்குங்கள். அந்த ஒரு எம்எம் இடைவெளி இருந்தால்தான் பூட்டு சுதந்திரமாகத் தொங்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மூடிக்கு உள்ளே இருக்கும் வாஷரை மாற்றினால் மூடி கொஞ்சம் உயர்ந்து உட்காரும். மேல் துளையும் கீழ்த் துளையும் நேராக வராது. அப்போது கம்பியை அழுத்தி நுழைத்துப் பூட்டுவார்கள். வாஷரின் விசை முழுக்கப் பூட்டின் நாக்கில் ஏறும், சாவி திரும்பாது, ஒருநாள் சாவி உடையும். அப்பாவின் பூட்டு இறுகியதில் துருவோடு இதற்கும் பங்கு இருக்கலாம், கழற்றியதும் பாருங்கள். மூடியை இறுக்கிப் பிடிப்பது மூடியின் வேலை. பூட்டு சும்மா தொங்க வேண்டும். துளை சேரவில்லை என்று கொண்டியை அரம் போட்டுப் பெரிதாக்காதீர்கள், மெல்லிய வாஷராகப் போடுங்கள்.

தகடு தேயாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிப் பூட்டின் உடலுக்கு உறை மாதிரி மாட்டுங்கள். சாவித்துளை கீழே பார்த்தபடி, அடி திறந்தே இருக்கட்டும், தண்ணீர் வடிய வேண்டும். மூடியையே பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டாதீர்கள். பல பழைய வண்டிகளில் டேங்க் மூச்சு விடுவது மூடி வழியாகத்தான். அதை அடைத்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் வராமல் எஞ்சின் திணறி நிற்கும்.

மலைப்பாதை:

ஒரு சின்ன விஷயம். பூட்டின் சாவியை இக்னிஷன் சாவியோடு ஒரே வளையத்தில் போட்டுவிடுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தால்தான் டேங்கைத் திறக்க முடியும். நல்ல பழக்கம் தானாக வந்துவிடும். இரண்டாவது சாவி வண்டியில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். பெட்ரோல் போடும்போது பூட்டைக் கொண்டியிலேயே தொங்கவிடுங்கள். பம்பரில் வைத்து மறந்துபோய் நான் இரண்டு பூட்டுகளைத் தொலைத்திருக்கிறேன்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். புதுப் பூட்டுக்குள் எஞ்சின் ஆயில் விடாதீர்கள், புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

அப்பா_வண்டி_88:

எல்லோருக்கும் மனதார நன்றி. கிரைண்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்த முதல் பதிலை அன்று இரவே பார்த்தது என் நல்ல நேரம்.

இரண்டு இரவு எண்ணெயில் ஊறியும் சாவி அசையவில்லை. போல்ட் கட்டரில்தான் வெட்டினேன். கழற்றிப் பார்த்தால் ஸ்பானர் அண்ணன் சொன்னதுதான். யாரோ தடித்த ரப்பரைக் கையால் வெட்டி வாஷராகப் போட்டிருந்தார்கள், துளைகள் அரைத் துளை விலகி நின்றன. கம்பியின் ஒரு பக்கம் பள்ளம் விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. சரியான வாஷர் மாற்றியதும் துளைகள் நேராக வந்தன. 6 எம்எம் பிட் தளர்வாகப் போனது. 30 எம்எம் பித்தளை உடல், 5 எம்எம் ஸ்டெயின்லெஸ் கம்பி உள்ள பூட்டு வாங்கி, டியூப் உறையும் போட்டாயிற்று. டேங்கைக் காலி செய்து கழுவும் வேலை அடுத்த ஞாயிறு.

தகட்டில் இருக்கும் அந்தப் பிறையை மட்டும் பெயின்ட் அடித்து மறைக்கவில்லை. நிறமில்லாத வார்னிஷ் பூசி அப்படியே விட்டுவிட்டேன். அது அப்பா ஓட்டிய தூரத்தில் விழுந்தது.

பழைய_ஸ்பானர்:

நல்லது தம்பி. டேங்கைக் கழுவும்போதும் வெளியிலேயே வைத்துச் செய்யுங்கள். வெட்டிய பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கருவிப் பெட்டியில் ஒரு மூலையில் இருக்கட்டும்.