ஆங்கில வகுப்பில் விளையாட்டு: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

மாலைவகுப்பு:
டபூ என்ற சொல் விளையாட்டுதான். சீட்டில் வரும் ஆங்கிலச் சொல்லை நம் அணி கண்டுபிடிக்கும்படி விளக்க வேண்டும். சீட்டில் உள்ள சொல்லையும் சொல்லக்கூடாது, அதன் கீழே இருக்கும் ஐந்து சொற்களையும் சொல்லக்கூடாது. பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் பையனுக்கு 'அம்ப்ரெல்லா' வந்தது. 'ரெயின்', 'வெட்' எல்லாம் தடை. மணல் கடிகாரத்தில் மணல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சட்டென்று எழுந்தான், இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்தான். "வாட்டர் ஃப்ரம் ஸ்கை! ஐ ஓப்பன், ஐ வாக், மை ஹேர் ஓகே!" அவன் அணி துள்ளிக் குதித்தது. மறுநாள் பாடப்புத்தகத்தைத் திறந்ததும் மறுபடி வாய்ப்பூட்டு. அந்த ஒரு நிமிடம் பேசியவன் எங்கே போனான் என்று இன்னும் மனசு கேட்கிறது.

சொல்விரும்பி:
எங்கள் வீட்டில் ஸ்க்ராபிள், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு. பத்துப் புள்ளி 'கியூ' கையில், 'யு' இல்லை. மகள் வெகுநேரம் பலகையையே பார்த்துவிட்டு, ஏற்கெனவே கிடந்த 'யு'வை ஒட்டி 'குவிட்' வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொல்வளத்துக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

நேர்பட:
இதை என்னால் ஏற்க முடியாது. நியூசிலாந்து ஸ்க்ராபிள் வீரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது, சொற்களை மனப்பாடம் செய்தே ஜெயித்தார். எழுத்தை அடுக்குவது வேறு, பேசுவது வேறு. ஒவ்வோர் எழுத்தாக ஊகித்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஹேங்மேனும் அப்படித்தான். நான் பார்த்த வகுப்பில் வெறும் 'ஏ', 'ஈ' என்ற கூச்சல், ஒரு வாக்கியம்கூட இல்லை.

சொல்விரும்பி:
பேச்சு மட்டும்தான் மொழியா? படிப்பதும் எழுதுவதும் எதில் சேர்த்தி?

கரும்பலகை:
மாலைவகுப்புக்கு ஒன்று சொல்கிறேன். என் வகுப்பிலும் அப்படி ஒரு பெண் இருந்தாள், படத்தில் வித்தியாசம் தேடும் விளையாட்டில்தான் பேசினாள். இருவருக்கு ஆளுக்கொரு படம் கொடுங்கள், ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக்கூடாது. கேட்டால்தான் தெரியும் என்பதால் பேசியே ஆக வேண்டும். "இஸ் தேர்...?", "வேர் இஸ்...?" போன்ற கேள்விகளை முதலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். நடுவில் திருத்தவே திருத்தாதீர்கள். காதில் விழும் பிழைகளை ஒரு தாளில் குறித்து, ஆட்டம் முடிந்ததும் யார் சொன்னது என்று காட்டாமல் பலகையில் போட்டு எல்லோரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பையனை முழு வகுப்பின் முன்னால் நிறுத்தாமல் கொஞ்ச நாள் ஒரே ஜோடியுடன் விடுங்கள். 'மை ஹேர் ஓகே' என்றவனுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, கேட்க ஒரு ஆள் போதும்.