எம்ஜி1655: சிஎஸ்ஜி-ஏ நீக்கியும் பயோஃபிலிம் குறையவில்லையே, ஏன்?

பெட்ரித்தட்டு:
ஈ. கோலை பாக்டீரியாவின் கே-12 ஆய்வக வகை, அதில் எம்ஜி1655 ஸ்ட்ரெயின். மூல ஸ்ட்ரெயின், பயோஃபிலிமைப் (ஒட்டிப் படரும் பாக்டீரியப் படலம்) பின்னும் கர்லி இழையின் முக்கியப் புரதமான சிஎஸ்ஜி-ஏ நீக்கியது, வளர்ச்சி நிற்கும்போது மரபணுக்களை எழுப்பும் சிக்மா காரணியான ஆர்பிஓ-எஸ் நீக்கியது என மூன்றையும் 96 குழித் தட்டில் ஒப்பிடுகிறோம். சாதாரண எல்பி (லிட்டருக்கு 10 கிராம் உப்பு), 37 டிகிரி, 24 மணி நேரம், குலுக்காமல். ஒட்டியதைச் சாயமேற்றி அளக்கும் கிரிஸ்டல் வயலட் அளவு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீக்கம் சரி என்று பிசிஆர் காட்டுகிறது. எங்கே இடிக்கிறது?

இழைமுடிச்சு:
இந்த நிலையில் மூல ஸ்ட்ரெயினே கர்லி செய்வதில்லை. இல்லாததை நீக்கினால் வித்தியாசம் எப்படித் தெரியும்? கே-12இல் கர்லி மரபணுக்களை எழுப்பும் சிஎஸ்ஜி-டியின் ப்ரோமோட்டர் (மரபணுவின் தொடக்க ஸ்விட்ச்) திறக்க 30 டிகிரிக்குக் குறைந்த வெப்பம், குறைந்த உப்பு, ஸ்டேஷனரி ஃபேஸ் (வளர்ச்சி நின்ற நிலை) மூன்றும் சேர்ந்து வர வேண்டும். உப்பு ஏறினால் சிபிஎக்ஸ்-ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் வந்து அந்த ப்ரோமோட்டரை அடக்கிவிடும்.

அப்படியானால் குழியில் ஒட்டியிருப்பது எது? பெரும்பாலும் டைப் 1 ஃபிம்ப்ரியா என்ற ஒட்டும் மயிரிழை. ஒரு வரிசைக் குழிகளில் அதன் பிடியை மறிக்கும் ஆல்ஃபா மீதைல் மானோசைடு 1% சேருங்கள். ஒட்டல் விழுந்தால் நீங்கள் அளந்தது ஃபிம்ப்ரியாவைத்தான். கிரிஸ்டல் வயலட் செல்லையும் மேட்ரிக்ஸையும் பிரித்துப் பார்க்காது.

முதலில் அகாரில் பாருங்கள். லிட்டருக்குக் காஸமினோ அமிலம் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம், அகார் 20 கிராம். உப்பு வேண்டாம். ஆட்டோகிளேவ் முடிந்து கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கர்லியில் ஒட்டும் சாயமான காங்கோ ரெட் (வடிகட்டியது) 50 மி.கி., கூமாஸி ப்ளூ 10 மி.கி. ஓவர்நைட் கல்ச்சரில் 4 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து 26 டிகிரியில் 48 மணி நேரம். மூல ஸ்ட்ரெயின் செம்பழுப்பாகும், மற்ற இரண்டும் வெளுத்தே கிடக்கும். காலனி சுருக்கம் விழவில்லையே என்று தேட வேண்டாம். கே-12இல் பிசிஎஸ்-க்யூ மரபணுவில் ஒரு ஸ்டாப் கோடான் இருப்பதால் செல்லுலோஸ் வராது. சுருக்கம் வேண்டுமானால் அதைச் சரிசெய்த ஏஆர்3110 எடுங்கள்.

சிக்மா38:
மேலே சொன்னதோடு, உங்கள் "மூல" ஸ்ட்ரெயின் உண்மையிலேயே ஆர்பிஓ-எஸ் உள்ளதுதானா என்று பாருங்கள். கே-12 ஸ்டாக்குகள் பலவற்றில் அந்த மரபணு பழுதாகியிருக்கிறது. ஓவர்நைட் கல்ச்சரை 55 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். பெராக்சைடை உடைத்து நுரைக்க வைக்கும் இரண்டு நொதிகளில் கேட்-ஜி சூட்டில் செத்துவிடும். ஆர்பிஓ-எஸ் நடத்தும் கேட்-ஈ தாங்கும். நுரை பொங்கினால் ஸ்ட்ரெயின் நல்லது. சூடாக்காமல் செய்தால் நல்லது, பழுதானது இரண்டிலும் நுரைத்து ஏமாற்றும்.

நகரும் திறனையும் 0.3% அகாரில் பாருங்கள். எம்ஜி1655இல், நகர உதவும் ஃப்ளாஜெல்லாவை எழுப்பும் எஃப்எல்எச்-டிசிக்கு முன்னால் ஐஎஸ் துண்டு (இடம் மாறும் டிஎன்ஏ) புகுந்த ஸ்டாக்கும் உண்டு, புகாததும் உண்டு. அது புகுந்து எஃப்எல்எச்-டிசி வலுத்தால் பிடிஈ-எச் நொதி ஏறி, பயோஃபிலிமைத் தூண்டும் சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் டை-ஜிஎம்பியைத் தின்றுவிடும். அந்த மூலக்கூறு குறைந்தால் பிடிஈ-ஆர் என்ற புரதம் சிஎஸ்ஜி-டியை எழுப்பும் டிஜிசி-எம், எம்எல்ஆர்-ஏ இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சிஎஸ்ஜி-டி எழாது. ஆர்பிஓ-எஸ் இருந்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான். ஒரே பெயருள்ள இரண்டு ஸ்டாக் இரண்டு விதமாக நடப்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

பெட்ரித்தட்டு:
நன்றி. உப்பில்லா எல்பி, 28 டிகிரியில் மூல ஸ்ட்ரெயின் செம்பழுப்பு, மற்றவை வெளுப்பு. ஆனால் சிஎஸ்ஜி-டி எம்ஆர்என்ஏ நன்றாக ஏறியும் வெஸ்டர்ன் ப்ளாட்டில் சிஎஸ்ஜி-டி புரதம் மங்கல். சிஎஸ்ஜி-ஏ பட்டையே இல்லை. சிஎஸ்ஜி-டி நீக்கியதில் பிளாஸ்மிடில் அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தும் காலனி வெளுப்புதான்.

இழைமுடிச்சு:
மூன்றுக்கும் மூன்று காரணம்.

சிஎஸ்ஜி-டி எம்ஆர்என்ஏவின் முன்வால் (மொழிபெயர்க்கப்படாத முன்பகுதி) 148 நியூக்ளியோடைடு நீளம். ஓஎம்ஆர்-ஏ, ஓஎம்ஆர்-பி, மேக்-எஸ் போன்ற சிறு ஆர்என்ஏக்கள் எச்எஃப்-க்யூ புரதத்தின் துணையோடு அங்கே பிணைந்து மொழிபெயர்ப்பைத் தடுக்கின்றன. எம்ஆர்என்ஏவை வைத்துப் புரதத்தை ஊகிக்கக் கூடாத இடம் இது. போதாததற்கு ஒரே கல்ச்சரில் சில செல்களில்தான் சிஎஸ்ஜி-டி எரியும், மற்றவற்றில் அணைந்திருக்கும். மொத்தமாக அரைத்தால் சராசரிதான் வரும். சிஎஸ்ஜி-டி எழுப்பும் சிஎஸ்ஜி-பி ப்ரோமோட்டரோடு ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி இணைத்து, செல் செல்லாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பாருங்கள்.

சிஎஸ்ஜி-ஏ அமிலாய்டு, அதாவது இறுகிப் பின்னிய புரத இழை. எஸ்டிஎஸ் பஃபரில் கொதித்தாலும் கரையாது, ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடும். செல் பெல்லட்டை 90 சதத்துக்கு மேற்பட்ட ஃபார்மிக் அமிலத்திலோ ஹெக்ஸாஃப்ளூரோ ஐசோப்ரோப்பனாலிலோ கலக்கி, முழுக்க உலர்த்தி, பிறகு பஃபர் விடுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் ப்ரோமோஃபீனால் ப்ளூ மஞ்சளாகும்.

காம்ப்ளிமென்டேஷன் (மரபணுவைத் திருப்பிக் கொடுப்பது) தோற்றது, நீக்கிய இடத்தில் வைத்த கேசட்டால் இருக்கலாம். சிஎஸ்ஜி-டி, ஈ, எஃப், ஜி நான்கும் ஒரே ஆபரான், ஒன்றாக எழும் மரபணுத் தொகுதி. கனமைசின் கேசட் உள்ளே நின்றால் பின்னாலுள்ள ஏற்றுமதி மரபணுக்களும் அடங்கிவிடலாம். அப்போது சிஎஸ்ஜி-டி மட்டும் திரும்பி வந்து என்ன பயன்? பிசிபி20 பிளாஸ்மிட் கொண்டு கேசட்டைக் கழற்றுங்கள், பிறகு 43 டிகிரியில் வளர்த்து அந்தப் பிளாஸ்மிடைத் தொலைத்துவிடுங்கள்.

சிக்மா38:
ஆர்பிஓ-எஸ் வெஸ்டர்னும் ஓட்டுவீர்கள் என்றால் கல்ச்சரை எடுத்த நொடியே 10% டிசிஏவில் (ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) விடுங்கள். வளரும் செல்களில் ஆர்எஸ்எஸ்-பி அதைப் புரதம் சிதைக்கும் கிளிப்-எக்ஸ்பியிடம் ஒப்படைக்கும், அரை ஆயுள் சுமார் 2 நிமிடம். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும் நேரத்துக்குள் அளவு மாறிவிடும். பாஸ்பேட் பஞ்சத்தில் ஐரா-பி, மக்னீசியம் பஞ்சத்தில் ஐரா-எம், டிஎன்ஏ சேதத்தில் ஐரா-டி ஆகிய புரதங்கள் ஆர்எஸ்எஸ்-பியை மறிக்கும். ஆகவே கழுவும் பஃபரை மாற்றுவதே செல்லுக்கு ஒரு ஸ்ட்ரெஸ், கழுவாமல் நேராக அமிலத்தில் இறக்குங்கள்.