லாரித் தண்ணீர்க் கணக்குக்கு ஒரு ஸ்லோகன்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான்: எல்லாரும் கொஞ்சம் இங்கே பாருங்கள். அபார்ட்மென்ட் கணக்கு ஆப்பின் கோடை, கோட் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறேன் இல்லையா, மாமா வீட்டு அசோசியேஷன் தவிர வேறு சில இடங்களிலும் எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே முதலில் கண்ணில் படுகிற ரீட்மி என்ற அறிமுகப் பக்கத்தின் உச்சியில் ஒரு ஸ்லோகன் வேண்டும், அதற்குக் கீழே "இந்தத் திட்டம் எதற்காக" என்று ஒரு பத்தி வேண்டும். இரண்டும் இன்னும் காலியாகவே கிடக்கின்றன. யோசனை சொல்லுங்கள்.

அண்ணன்: "சமூகங்களை இணைக்கும் அடுத்த தலைமுறைக் குடியிருப்பு மேலாண்மைத் தளம்". எடுத்துக்கொள், காசு வேண்டாம்.

அம்மா: நன்றாக இருக்கிறதே.

பெரியப்பா: நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்யும் என்றுதான் தெரியவில்லை. நான் வங்கியில் இன்ஸ்பெக்ஷன் போன காலத்தில் ஒவ்வொரு கிளையிலும் இந்த மாதிரி ஒரு வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அதற்கு நேர் கீழே இருக்கிற கவுன்டரில் ஆள் இருக்காது.

அண்ணன்: 😂 பெரியப்பா, காலையிலேயேவா?

மாமா: என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன், தினம் கட்டி அழுகிறவன் நான்தானே. லாரி வந்ததும் வாட்ச்மேன் வவுச்சரைப் படம் எடுத்துப் போடுகிறார். மோட்டாரை நிறுத்திவிட்டு சம்ப்பில் அளவுக் கம்பை விட்டு, ஊற்றுவதற்கு முன் எவ்வளவு, ஊற்றிய பிறகு எவ்வளவு என்று இரண்டு எண் பதிகிறார். எங்கள் சம்ப் நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், 12,000 லிட்டர் விழுந்தால் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். 85 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது என்றால் ஆப்பே சிவப்பில் காட்டிவிடும், டிரைவர் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடலாம். அப்புறம் ஈபி. மெயின்டனன்ஸ் மாதாமாதம் வாங்குகிறோம், காமன் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, நடுவில் ஒருவர் காலி பண்ணிக்கொண்டு போனால் அவர் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்குள் என் நோட்டில் எழுத்தைவிட அடித்தல் திருத்தல்தான் அதிகமாக இருக்கும். அந்தத் தலைவலி இப்போது இல்லை.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஸ்லோகனை நீங்களே சொல்லிவிட்டீர்கள். "லாரித் தண்ணீர், ஈபி, மெயின்டனன்ஸ்: எல்லாருக்கும் தெரிகிற கணக்கு."

அண்ணன்: அது ஸ்லோகன் இல்லை பெரியப்பா, பொருளடக்கம். ஸ்லோகன் என்றால் படித்ததும் மனதில் ஒட்ட வேண்டும். இணையதளம் அமைக்கிற மென்பொருள் செய்கிற வேர்ட்பிரஸ்காரர்கள் "கோட் இஸ் போயட்ரி" என்று போட்டிருக்கிறார்கள், கேட்கவே எப்படி இருக்கிறது.

சின்னவன்: மச்சான், அது கோட் எழுதுகிறவர்களுக்குச் சொன்னது. கடை வைக்கவோ வலைப்பூ எழுதவோ வருகிறவருக்கு அதில் என்ன சேதி இருக்கிறது? ஜேகுவெரி என்ற கோட் தொகுப்பு "ரைட் லெஸ், டூ மோர்" என்று போட்டது, நாலே சொல்லில் அது தரும் லாபம் தெரிந்துவிடுகிறது. விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம் உபுண்டு, லினக்ஸ் வகை. அது 2004-ல் வந்தபோது "லினக்ஸ் ஃபார் ஹியூமன் பீயிங்ஸ்" என்று வந்தது. லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று எல்லாரும் நினைத்த நேரம் அது, அந்தப் பயத்தைத்தான் அந்த வரி குறிவைத்தது.

அண்ணன்: நீயே சொல்லிவிட்டாய். உபுண்டு வரியில் என்ன செய்யும் என்று எங்கே இருக்கிறது?

சின்னவன்: "லினக்ஸ்" என்று இருக்கிறதே. 😐

நான்: ரஸ்ட் என்ற நிரல்மொழி இதே சண்டையைப் பொதுவெளியிலேயே போட்டது. முன்பு அவர்கள் முகப்பில் இருந்த வரி ரொம்ப வேகமாக ஓடும், நினைவகப் பிழையில் கவிழாது, ஒரே நேரத்தில் பல வேலை ஓடினாலும் குழம்பாது என்று மூன்று வாக்குறுதி தந்தது. 2018-ல் தளத்தைப் புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டு, நம்பகமான, திறனுள்ள மென்பொருளை எல்லாரும் உருவாக்க வலு தரும் மொழி என்ற மாதிரி மாற்றினார்கள். கணினிக்கு ரொம்ப உள்ளே போய் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணத்தை மாற்றுவதற்காக. பழைய வரியே போதும் என்று நிறையப் பேர் சண்டை போட்டார்கள். நான் அந்தக் கட்சி. புதிய வரியில் மொழியின் பெயரை மாற்றி வேறு எதைப் போட்டாலும் பொருந்தும்.

பெரியப்பா: ஒரு சந்தேகம். சரிபார்க்கக்கூடிய மாதிரி, எண்ணோடு ஸ்லோகன் வைத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

நான்: இருக்கிறார்கள் பெரியப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஓப்பன்பிஎஸ்டி என்று ஒரு இயங்குதளம், பாதுகாப்புக்குப் பேர் போனது. வழக்கமான முறையில் நிறுவினால், வெளியிலிருந்து உள்ளே நுழைகிற ஓட்டை ஐந்து வருடமாக ஒன்றுகூட இல்லை என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். 2002-ல் ஒரு ஓட்டை அகப்பட்டது.

அத்தை: ஐயையோ. வரியைத் தூக்கிவிட்டார்களா?

நான்: இல்லை அத்தை. "ஏறக்குறைய ஆறு வருடத்தில் ஒன்றே ஒன்று" என்று திருத்தினார்கள். 2007-ல் இன்னொன்று அகப்பட்டது, "பத்து வருடத்துக்கு மேலாக இரண்டே இரண்டு" என்று மாற்றினார்கள்.

பெரியப்பா: இவர்களிடம் நான் டெபாசிட் போடுவேன்.

அண்ணன்: 😂😂 சரி, ஒப்புக்கொள்கிறேன், இது மனதில் ஒட்டுகிறது.

அத்தை: "இலவசம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடேன், ஆள் தானாக வரும்.

நான்: வேண்டாம் அத்தை. ஆப்புக்குக் காசு இல்லை, ஆனால் அதை ஓட்டுகிற சர்வருக்கு அவரவர்தான் மாத வாடகை கட்ட வேண்டும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று நம் ஆப்புக்குப் போட்டிருக்கிற ஜிபிஎல் லைசென்ஸிலேயே உத்தரவாதம் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இலவசம் என்று பெரிதாகப் போட்டால், அதைப் பார்த்து வருகிறவர் ராத்திரி பதினோரு மணிக்கு "பில் வரவில்லை, என்ன சேவை இது" என்று என்னைத்தான் பிடிப்பார்.

மாமா: பதினோரு மணிக்கு நான் கூப்பிட்டது ஒரே தடவை. 😒

நான்: உங்களைச் சொல்லவில்லை மாமா 🙏

மாமா: சரி, அந்தப் பத்திக்கு வா. அதில் சேர்க்க எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் கமிட்டியில் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்களின் பெயர், வீட்டு எண், தொகை எல்லாவற்றையும் ஆப்பே ஒன்றாம் தேதி தானாகக் குடியிருப்போர் குழுவில் போட வேண்டும். அப்போதுதான் கட்டுவார்கள். எல்லாருக்கும் தெரிகிற கணக்கு என்று நாமே போடப்போகிறோம், இதுவும் கணக்குதானே?

சின்னவன்: அப்பா, இதே கோரிக்கை வேறு ஒரு இடத்திலிருந்தும் கிட்ஹப்பில் இஷ்யூவாக, அதாவது கோரிக்கைப் பதிவாக, வந்திருக்கிறது. அக்கா அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

அத்தை: கூடவே கூடாது. கீழ் வீட்டு அம்மா போன வருடம் ஏன் கட்டவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்றாம் தேதி காலையில் அந்த அம்மா பெயரை ஒரு மெஷின் தட்டிவிட்டிருந்தால் அப்புறம் லிஃப்ட்டில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவர் மூன்று மாதக் கணக்கையும் சேர்த்துக் கட்டினார், யாரும் கேட்காமல்.

மாமா: அவரைச் சொல்லவில்லை. மேல் மாடியில் கார் மாற்றிக்கொண்டே இருக்கிறாரே, அவரைச் சொல்கிறேன்.

அத்தை: ஆப்புக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

அண்ணன்: லைசென்ஸில் "பெயர் போட இதைப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்தது.

நான்: அங்கேதான் சிக்கல். அப்படிச் சேர்த்தால் அது திறமூலமே, அதாவது ஓப்பன் சோர்ஸே, இல்லை. எது திறமூலம் என்று வரையறுக்கிற ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு 1998-ல் ஆரம்பித்தபோதே வரையறை வகுத்துவிட்டார்கள். இன்ன ஆள் பயன்படுத்தக் கூடாது, இன்ன வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லைசென்ஸில் போடக் கூடாது. ஜிபிஎல்லும் அதே வழிதான். யாராவது நம் கோடை ஃபோர்க் பண்ணி, அதாவது தனிப் பிரதி எடுத்து, பெயர் போடுகிற வசதியைச் சேர்த்துக்கொண்டால் நான் தடுக்க முடியாது. ஆனால் நம் கோட் இருக்கிற எங்கள் ரெப்போவில் அதைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியும். அந்தப் பத்தி எனக்குத் தேவைப்படுவதே அதற்காகத்தான். இப்போது அந்த இஷ்யூவுக்கு நான் "வேண்டாம்" என்று எழுதினால் அது என் தனி அபிப்பிராயம், வாக்குவாதம் வளரும். எழுதி வைத்துவிட்டால் அதைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சின்னவன்: டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளக் குழு 1997-லேயே இதைச் செய்துவிட்டது. சமூக ஒப்பந்தம் என்று எழுதி வைத்தார்கள். பயன்படுத்துகிறவர்களும் கட்டற்ற மென்பொருளும்தான் எங்களுக்கு முதல், பிழைகளை மறைக்க மாட்டோம், பிழைப் பட்டியல் எப்போதும் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும் என்றெல்லாம் அதில் வருகிறது. இன்றைக்கும் அங்கே சண்டை வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை அப்படியே தள்ளாதீர்கள். வரவு தெரியாமல் செலவு மட்டும் தெரிந்தால் அது பாதிக் கணக்கு. ஐம்பதாயிரம் வர வேண்டிய இடத்தில் நாற்பதாயிரம்தான் வந்திருக்கிறது என்றால், அந்த பத்தாயிரம் பாக்கி என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பொருளாளர் எடுத்துவிட்டார் என்று பேசுவார்கள். மொத்தப் பாக்கியைக் காட்டு. யாருடைய பாக்கி என்பது அவருக்கும் பொருளாளருக்கும் தெரிந்தால் போதும். எந்த வங்கியிலும் வாராக்கடன் மொத்தம் ஆண்டறிக்கையில் வரும், உன் தனிக் கடன் பாக்கி அதில் வராது.

மாமா: ம்.

அத்தை: "ம்" என்றால் சரி என்று அர்த்தம், எழுதிக்கொள் 😄

அம்மா: ஒன்று கேட்கிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க முடியுமா?

நான்: இப்போதைக்கு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் லாகின் இருக்கிறது அம்மா.

அம்மா: நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் மெயின்டனன்ஸ் கட்டினது நாங்கள்தான், தண்ணீர் வரவில்லை என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினதும் நாங்கள்தான். எதற்கு இவ்வளவு என்று கேட்டால் "ஓனரைக் கேளுங்கள்" என்பார்கள். ஓனர் துபாயில் இருந்தார். அவர் ஒரு சம்ப்பையும் பார்த்ததில்லை.

பெரியப்பா: இது முதல் வரியில் வர வேண்டும்.

அண்ணன்: அம்மா 🔥🔥

மாமா: எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் வாடகைக்காரர்கள். கமிட்டியில் கொஞ்சம் முணுமுணுப்பு வரும், நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கைப் பார்க்கட்டும், ஓட்டுப் போடுவது வேறு விஷயம்.

நான்: சரி, கட்டிக்கொடுக்கிறேன், லாகின் பகுதியில் வேலை இருக்கிறது, சின்னவனும் சேர்ந்தால் சீக்கிரம் முடியும்.

சின்னவன்: செமஸ்டர் முடியட்டும் அக்கா.

அண்ணன்: கேட் என்ட்ரி, விசிட்டர் போட்டோ, பார்சல் வந்தால் நோட்டிஃபிகேஷன், இதெல்லாம் பின்னால் வரும் என்று ஒரு வரி விட்டு வை. நிறைய ஆள் எதிர்பார்ப்பார்கள்.

நான்: அதெல்லாம் வராது. வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் சேர்த்து வைத்துக் காவல் காக்க என்னால் ஆகாது. கணக்கு மட்டும். இதோ எழுதிப் பார்த்தேன், படியுங்கள்:

"லாரித் தண்ணீர் முதல் ஈபி பில் வரை: அபார்ட்மென்ட் கணக்கு, குடியிருக்கிற எல்லார் கண்ணிலும் படும்படி.

சிறிய குடியிருப்புகளின் பொதுச் செலவை, அங்கே குடியிருக்கிற ஒவ்வொருவரும், சொந்தக்காரரோ வாடகைக்காரரோ, எந்த நேரமும் வவுச்சரோடு பார்க்கும்படி வைப்பது இந்தத் திட்டத்தின் வேலை. மொத்தப் பாக்கியைக் காட்டுவோம், ஒரு வீட்டின் பாக்கியை இன்னொரு வீட்டுக்குக் காட்ட மாட்டோம். பதிந்த கணக்கை அழிக்க முடியாது, திருத்தலாம், திருத்தியது யார், எப்போது என்று தெரியும். விளம்பரம் வராது. வந்து போகிறவர்களின் விவரம் எதையும் சேர்க்க மாட்டோம். எங்கள் பிழைப் பட்டியல் எப்போதும் திறந்தே இருக்கும்."

பெரியப்பா: அழிக்க முடியாது என்பதற்கு நூறு மார்க். இன்ஸ்பெக்ஷனில் நான் முதலில் தேடுவது அழித்த இடத்தைத்தான்.

அத்தை: ரொம்ப நன்றாக இருக்கிறது. "எந்த நேரமும்" என்பது பதினோரு மணிக்கும் சேர்த்தா? 😄

நான்: பார்க்கத்தான் அத்தை, போன் பண்ண இல்லை.

அண்ணன்: ஸ்லோகன் டீஷர்ட்டில் அடிக்க முடியாத நீளம். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

பெரியப்பா: பதிவு செய்யப்பட்டது. அழிக்க முடியாது.

சின்னவன்: அக்கா, இதை ரீட்மியில் சேர்க்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டேன், ஏற்று மெர்ஜ் பண்ணுங்கள். அந்தப் பெயர் போடுகிற இஷ்யூவில் இந்தப் பத்தியை ஒட்டி மூடிவிடவா?

நான்: மூடு. மொத்தப் பாக்கி காட்டுவதற்குத் தனியாக ஒரு இஷ்யூ திறந்து, அதை அங்கே இணைத்துவிடு, கேட்டவர் முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கக் கூடாது.

மாமா: எல்லாம் சரி. பொருளாளர் என்ற முறையில் வீடு வாரியான பாக்கிப் பட்டியலை நான் எக்செல்லில் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

நான்: தாராளமாக எடுக்கலாம் மாமா, உங்கள் லாகினில் வலது பக்கம் மேலே அந்த பட்டன் இருக்கிறது.

அத்தை: எடுத்துவிட்டுப் போன தடவை மாதிரி கைதவறி இந்தக் குழுவில் அனுப்பிவிடாதீர்கள்.